பாட்டு பீரியடை எடுத்துட்டு இங்கிலீஷ் வைக்கலாமா? குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். நான் குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமம். எங்க ஊர் அரசு துவக்கப் பள்ளியில மேலாண்மைக் குழு தலைவியா இருக்கேன், என் பொண்ணு அங்கதான் மூணாவது படிக்கிறா. ஒரு டீச்சர் தினமும் சாப்பாட்டு பெல்லுக்கு முன்னாடி 20 நிமிஷம் பாட்டு, கைதட்டு, கோலாட்டம்னு எல்லா பிள்ளைங்களுக்கும் சொல்லிக்குடுக்கறாங்க. போன மீட்டிங்ல சில அப்பாங்க, "பாட்டு சோறு போடுமா, அந்த டைம்ல இங்கிலீஷ் ரீடிங் வைங்க"ன்னு சத்தம் போட்டாங்க. இன்னொரு பக்கம் ஊர்ல சில பேர் சேந்து 20,000 ரூபா ஸ்கூலுக்கு குடுத்திருக்காங்க, மியூசிக் கத்துக்கிட்டா மூளை வளரும்னு யூடியூப்ல பாத்தேன், அதனால கீபோர்டு வாங்குங்கன்னு ஒருத்தர் சொல்றார். அடுத்த மீட்டிங்ல நான் பேசியாகணும், என்ன பேசறதுன்னே தெரியல. எம்பொண்ணு வேற எழுத்து எழுத்தா திணறித் திணறித்தான் படிக்கிறா, ஆனா பாட்டுன்னா ஒரு வார்த்தை விடாம பாடறா. அவளை டவுன்ல கீபோர்டு க்ளாஸ்ல சேக்கலாமா?

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம். நான் 1987ல வேலைக்கு சேந்தப்ப இதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், திருவண்ணாமலை பிரிஞ்சது 1989ல, அப்புறம் 2019ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா ஆச்சு, அதுக்குள்ள நான் காட்பாடி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கம்னு எத்தனையோ ஸ்கூல்ல பாட்டு டீச்சரா நின்னுட்டேன். ரிட்டையர் ஆனப்புறம் துவக்கப் பள்ளி டீச்சருங்களுக்கு பாட்டு சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். உங்க மீட்டிங்ல நடந்த சண்டையை நான் எத்தனையோ ஊர்ல பாத்திருக்கேன், அந்த அப்பாங்க மேல எனக்கு கோவமும் இல்ல. தறியில நிக்கறவரும் தீப்பெட்டி ஆபீஸ்க்கு போறவங்களும் எம்புள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்னு கேக்கறதுல என்ன தப்பு இருக்கு. ஆனா அதுக்காக அந்த 20 நிமிஷத்தை மட்டும் எடுக்க விட்டுடாதீங்க. அதே மாதிரி மூளை வளரும்னு சொல்லி அதைக் காப்பாத்தவும் போகாதீங்க. ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மீட்டிங்ல நல்லது செய்யறதா நெனச்சு அதைத்தான் முதல்ல எடுத்து விடுவாங்க.

இந்த மூளை கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1993ல அமெரிக்காவுல ஒரு சின்ன ஆய்வு, 36 காலேஜ் ஸ்டூடண்ட்ஸை மொஸார்ட்ங்கற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளரோட இசையை 10 நிமிஷம் கேக்க வச்சு அப்புறம் ஒரு டெஸ்ட் குடுத்தாங்க, உருவத்தை மனசுலயே மடிச்சு விரிச்சுப் பாக்கற மாதிரி கணக்கு, அதுல கொஞ்சம் நல்லா பண்ணாங்க, அந்தப் பலனும் ஒரு கால் மணி நேரத்துல போயிடுச்சு. அவ்ளோதான் விஷயம். குழந்தைங்க யாரும் அதுல இல்ல, யாரும் பாட்டு கத்துக்கவும் இல்ல, சும்மா உக்காந்து கேட்டாங்க. அது பேப்பர்ல, டிவியில போய் ஊதி ஊதிப் பெருசாகி, 1998ல அங்க ஜார்ஜியா மாநிலத்து கவர்னர் பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் மியூசிக் கேசட் குடுக்க பட்ஜெட்ல பணம் ஒதுக்கணும்னு கேக்கற அளவுக்குப் போச்சு.

நெஜமாவே பாட்டு கத்துக்குடுத்து பாத்த ஆய்வும் இருக்கு. 2004ல வந்தது, கனடாவுல டொரன்டோவுல 6 வயசு பிள்ளைங்க 144 பேரை நாலு குரூப்பா பிரிச்சு, ஒண்ணுக்கு கீபோர்டு, ஒண்ணுக்கு வாய்ப்பாட்டு, ஒண்ணுக்கு நாடகம், ஒண்ணுக்கு எதுவும் இல்லன்னு ஒரு வருஷம் நடத்தினாங்க. கீபோர்டு, வாய்ப்பாட்டு ரெண்டு குரூப்புக்கும் ஐக்யூ, அதான் புத்தி அளக்கற மார்க், மத்தவங்களை விட ஒரு 3 பாயிண்ட் கிட்ட கூடுதலா ஏறுச்சு. நல்லதுதான், ஆனா சின்ன வித்தியாசம். அப்புறம் 2020ல ரெண்டு பேர் இந்த மாதிரி 54 ஆய்வுங்களை, மொத்தம் 6,984 பிள்ளைங்க கணக்கை ஒண்ணா சேத்துப் பாத்தப்ப, ஒழுங்கா கட்டுப்பாடோட நடத்தின ஆய்வுகள்ல மார்க்குக்கும் புத்திக்கும் பாட்டால பெருசா ஒண்ணும் கூடலன்னுதான் வந்துச்சு. அதனால "பாட்டு படிச்சா கணக்குல நூறு வாங்குவான்"னு மீட்டிங்ல வாக்கு குடுத்தீங்கன்னா, அடுத்த வருஷம் மார்க் ஏறலன்னு அதே ஆளுங்க வந்து பாட்டை நிறுத்துவாங்க, அப்போ உங்ககிட்ட பதில் இருக்காது.

அப்போ எதுக்குத்தான் பாட்டுன்னு கேப்பாங்க இல்ல, அதுக்கு என்கிட்ட சொல்ல நெறைய இருக்கு, எல்லாம் க்ளாஸ்ல நின்னு பாத்தது.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஸ்கூல், ஒண்ணாவது க்ளாஸ். உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கம் ஒரே பெஞ்சுல வீட்ல உருது பேசற பிள்ளை, தெலுங்கு பேசற பிள்ளை, தமிழ் பேசற பிள்ளைன்னு மூணும் உக்காந்திருக்கும். அதுல ஒரு பாப்பா, ஜூன்ல சேந்தது, ரெண்டு மாசமா வாயே தொறக்கல. தமிழ் புரியாததாலயா, பயமான்னு டீச்சருக்கும் தெரியல, பேர் கூப்பிட்டா எழுந்து நிக்கும், அவ்ளோதான். நான் அன்னிக்கு தரையில வட்டமா உக்கார வச்சு தகிட, தகதிமின்னு கைதட்டு விளையாட்டு சொல்லிக்குடுத்தேன், தகிட-ன்னா மூணு தட்டு தொடையில, தகதிமி-ன்னா நாலு தட்டு கையில. தகிட தகதிமி, தகிட தகதிமின்னு ஏழு ஏழா ஓடுது, அதுல மொழியே இல்ல பாருங்க, உருதுப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அது ஒரே மாதிரி புதுசு. மூணாவது சுத்துல அந்தப் பாப்பா கை சரியா விழ ஆரம்பிச்சுது. அஞ்சாவது சுத்துல உதடு அசைஞ்சுது. அப்புறம் நான் வேணும்னே தப்பா தட்டினேன், அது பட்டுன்னு என்னைப் பாத்து "தகிட!"ன்னு திருத்துச்சு. அந்த ஸ்கூல்ல அது பேசின முதல் வார்த்தை அதுதான். க்ளாஸ் டீச்சர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அது உடனே தமிழ் பேசிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், தீபாவளி வரைக்கும் ஆச்சு, ஆனா அந்த வட்டத்துக்குள்ள அது அன்னிக்கே வந்துடுச்சு.

ஒண்ணா பாடறதும் ஒண்ணா தட்டறதும் பிள்ளைங்களை ஒட்ட வைக்குதுங்கறது என் நெனப்பு மட்டும் இல்ல. ஜெர்மனியில 2010ல வந்த ஒரு ஆய்வு, 4 வயசு குழந்தைங்க 96 பேரை ஜோடி ஜோடியா, பாதிப்பேரை பாடி ஆடி விளையாட வச்சு, மீதியை அதே விளையாட்டை பாட்டே இல்லாம விளையாட வச்சாங்க, அப்புறம் பாத்தா பாடி விளையாடின பிள்ளைங்கதான் ஒண்ணுக்கொண்ணு அதிகமா உதவி பண்ணுச்சாம். கொஞ்ச நேர விளையாட்டுக்கே அப்படின்னா, தினமும் 20 நிமிஷம் அஞ்சு வருஷம் ஒரே பிள்ளைங்க சேந்து பாடினா அந்த க்ளாஸ் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

அடுத்தது தமிழ் படிக்கறது, இதை அந்த அப்பாங்களுக்கு கட்டாயம் சொல்லுங்க. நம்ம மொழியில குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, புள்ளி வச்ச எழுத்துக்கு அரை. மாத்திரைன்னா என்ன, கண்ணிமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. அது தாளக் கணக்குதானே! இப்போ மூணாவது நாலாவது பிள்ளைங்க நோட்டை எடுத்துப் பாருங்க, பாடம்னு எழுதச் சொன்னா படம்னு எழுதியிருக்கும், கால் கல் ஆயிருக்கும், வாளி வளி ஆயிருக்கும். எழுத்து தெரியாம இல்ல, நீளம் காதுல விழல. இதை போர்டுல பத்து தடவை எழுதிப் போட்டா வராது. கல்-லுக்கு ஒரு தட்டு, கா...ல்-லுக்கு கையைத் தட்டி அப்படியே இழுத்து விரி, படம் பா...டம், மணி மா...ணின்னு ஒரு வாரம் தட்ட வைங்க, காது புடிச்சுக்கும், காது புடிச்சதை கை எழுதிடும். நான் இதை பல க்ளாஸ்ல பண்ணிப் பாத்திருக்கேன். கனடாவுல 2002ல 4, 5 வயசு பிள்ளைங்க 100 பேரைப் பாத்தப்பவும், ராகம் தாளம் நல்லா புடிக்கற பிள்ளைங்களுக்கு வார்த்தைக்குள்ள இருக்கற ஒலியைப் பிரிச்சுக் கேக்கற திறனும் கூட இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. பாட்டாலதான் அது வந்துச்சுன்னு அந்த ஆய்வை வச்சு சொல்லிட முடியாது, ரெண்டும் கூடவே இருக்குங்கற வரைக்கும்தான்.

இங்கிலீஷ் கேக்கறவங்களோட மல்லுக்கு நிக்காதீங்க. அந்த டீச்சர்கிட்ட சொல்லி வாரத்துல ரெண்டு நாள் இங்கிலீஷ் பாட்டையும் அதுலயே சேக்கச் சொல்லுங்க, வார்த்தையை தட்டிப் பிரிக்கச் சொல்லுங்க, எ-லி-ஃபண்ட் மூணு தட்டு, வாட்-டர்-மெ-லன் நாலு தட்டு. இப்படி உடைச்சு உடைச்சு பாடற பிள்ளைக்கு நீளமான இங்கிலீஷ் வார்த்தையைப் பாத்து பயம் போயிடும். அப்புறம் மீட்டிங்ல சத்தம் போட்ட அந்த அப்பாங்கள்ல ஒருத்தரை மரியாதையா ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க. ராகம் இல்லாம சொல்லவே வராது. தலை ஆடும், நடுவுல நின்னுட்டா மறுபடி முதல்ல இருந்து ராகத்தைப் புடிச்சுத்தான் போவார். முப்பது வருஷம் கழிச்சும் அது அவர்கிட்ட நிக்குதுன்னா எதுல ஏத்தி மனசுக்குள்ள வச்சாங்கன்னு அவரே சொல்லட்டும்.

கணக்கு கேட்டா கணக்கும் சொல்லுங்க. கல்வி உரிமைச் சட்டப்படி ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். தினம் 20 நிமிஷம்னா வருஷத்துக்கு 66 மணி நேரம் 40 நிமிஷம், பன்னெண்டுல ஒரு பங்கு. மீதி பதினோரு பங்கு மத்த பாடத்துக்கு இருக்கு. இது அந்த டீச்சர் சொந்தமா இழுத்து வச்ச வேலையும் இல்ல, 2022ல ஒண்ணு முதல் மூணுக்கு வந்து அப்புறம் நாலு அஞ்சுக்கும் போன எண்ணும் எழுத்தும் திட்டத்துல, அதான் பிள்ளைங்களை அவங்க படிக்கற நிலையை வச்சு அரும்பு மொட்டு மலர்னு பிரிக்கறாங்களே, அதுல பாட்டு பாடத்தோடயே வருது. 2005 தேசிய கலைத்திட்ட வரைவும் பத்தாவது வரைக்கும் கலைக்கல்வி கட்டாயமா வேணும்னுதான் சொல்லுச்சு.

ஆனா துவக்கப் பள்ளிக்குன்னு தனியா ஒரு பாட்டு டீச்சர் வருவாங்கன்னு காத்திருக்காதீங்க. சட்டத்துல கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதி நேர ஆசிரியர்னு சொல்லியிருக்கறதே ஆறு முதல் எட்டு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தா. நம்ம மாநிலத்துல 2012ல 16,549 பேரை 5,000 ரூபா சம்பளத்துல பகுதி நேரமா எடுத்தாங்களே, அவங்களும் அந்த பெரிய க்ளாஸுக்குத்தான். ஒண்ணு முதல் அஞ்சுக்கு க்ளாஸ் டீச்சர் பாடினாத்தான் உண்டு. காது நல்லா திறந்திருக்கற வயசு அது, அந்த வயசுக்குத்தான் ஆள் இல்ல, இது எனக்கு இத்தனை வருஷமா ஆறாத வருத்தம். வேலூர் டவுன்ல பணம் கட்டி படிக்கற பிள்ளைக்கு ஸ்கூல்லயே கீபோர்டு, டான்ஸ் எல்லாம் இருக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அந்த 20 நிமிஷத்தை விட்டா வேற எங்க கிடைக்கும்? உங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் தானா முன்வந்து செய்யறாங்கன்னா அவங்களைக் கண்ணு மாதிரி பாத்துக்குங்க.

அந்த டீச்சர்கிட்ட ரெண்டு விஷயம் மட்டும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஒண்ணு, சுதி, அதாவது பாட்டை எந்த உயரத்துல எடுக்கறோம்கறது, அதைத்தான் ஒரு கட்டை, 5 கட்டைன்னு சொல்வாங்க. பெரியவங்க நம்ம குரலுக்கு வசதியா கீழ எடுத்துடறோம், அதுவும் ஆம்பளை டீச்சர் ஒரு கட்டையில எடுத்தா பிள்ளைங்களுக்கு அந்த இடமே எட்டாது, கத்தும், இல்லன்னா பேசற மாதிரி முணுமுணுக்கும், நாம "இதுங்களுக்கு சுதியே வரல"ன்னு சொல்லிடுவோம். 5 கட்டையில இருந்து 6 கட்டைக்குள்ள எடுக்கச் சொல்லுங்க, ஃபோன்ல சுருதிப் பெட்டி ஆப் ஃப்ரீயாவே இருக்கு.

ரெண்டாவது, எந்தப் பிள்ளையையும் "நீ பாடாத, வாய மட்டும் அசை"ன்னு சொல்லக் கூடாது. ஒரு ஸ்கூல்ல சுதந்திர தின ஒத்திகை, மேலதிகாரி வர்றார்னு ஆறு பிள்ளைங்களைப் பின் வரிசையில நிக்க வச்சு வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க. அதுல ஒரு பையன், நாலாவது, அதுக்கு முன்னாடி அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்"னு ஜன்னல் அதிர சொல்றவன். மறுநாள்ல இருந்து அதையே கைய மட்டும் தூக்கிக் காட்ட ஆரம்பிச்சுட்டான். நான் அன்னிக்கு அங்க இருந்தும் எதிர்த்து பேசல, புதுசா சேந்த டீச்சர், பயம். இன்னிக்கு வரைக்கும் அது உறுத்துது. ஆறு ஏழு வயசுல நெறைய பிள்ளைங்களுக்கு சுதி சேராது, அது குறை இல்ல, குரல் எங்க ஏறுது எங்க இறங்குதுன்னு இன்னும் கண்டுபிடிக்கல, அவ்ளோதான். மில்லு சங்கு ஊதற மாதிரி கீழ இருந்து ஊ...ன்னு மேல ஏத்தி அப்படியே இறக்க வைங்க, கையையும் கூடவே தூக்கி இறக்கட்டும். அப்புறம் அந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்துல நிக்குதோ அங்க டீச்சர் இறங்கி வந்து கூட சேந்து நிக்கணும், சேந்துடுச்சுன்னு அதுக்கே ஒரு சந்தோஷம் வரும், அப்புறம் ரெண்டு பேருமா மெல்ல மேல ஏறணும். தினமும் செஞ்சா பெரும்பாலும் ஒரு வருஷத்துல சேந்துடும்.

கலைத்திருவிழா போட்டி வருது, ஒரு நல்ல குரலை எடுத்து ரெண்டு மாசம் தேய்ச்சு ப்ரைஸ் வாங்கிடுவாங்க, சந்தோஷம்தான், வேணாங்கல. மீதி முப்பத்தொம்பது பிள்ளைங்களும் அந்த ரெண்டு மாசமும் பாடிக்கிட்டு இருந்துச்சான்னு மட்டும் நீங்க கேளுங்க, நீங்க தலைவி, கேக்கலாம்.

இப்போ அந்த 20,000. கீபோர்டு வேணாம். ஒரு பிள்ளை வாசிக்கும், மத்ததெல்லாம் வாயைப் பொளந்துகிட்டு நிக்கும், மூணாவது மாசம் அடாப்டர் போயிடும், அப்புறம் பீரோவுக்குள்ள போயிடும். பீரோவுக்குள்ள பூட்டி வச்ச ஆர்மோனியத்தை நான் எத்தனையோ ஸ்கூல்ல பாத்துட்டேன். பெரிய ஸ்பீக்கரும் வேணாம், ஸ்பீக்கர் வந்தா பாட்டைப் போட்டுட்டு டீச்சர் நோட்டு திருத்தப் போயிடுவாங்க, பிள்ளைங்க பாடறது நின்னுடும். எல்லா பிள்ளைக்கும் கையில ஒண்ணு இருக்கற மாதிரி வாங்குங்க. கோலாட்டக் குச்சி, ஆளுக்கு ரெண்டு. ஜால்ரா ஒரு பத்து ஜோடி. ஒரு நல்ல கஞ்சிரா. மீதிப் பணத்தை ஆளுக்கு செலவு பண்ணுங்க, பொருளுக்கு வேணாம்.

எந்த ஆளுன்னா, உங்க ஊர்லயே இருப்பாங்க. வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுல பம்பை சத்தம் கேக்காத பிள்ளை உங்க ஸ்கூல்ல ஒண்ணாவது இருக்குமா? அந்த பம்பைக்காரர் யாரோ ஒரு பிள்ளைக்கு தாத்தாவா இருப்பார். இந்தப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு மிருதங்கம், முகவீணை வாசிக்கறவங்க இருப்பாங்க. செய்யாறு பக்கம் புரிசையில பரம்பரையா கூத்து கட்டற குடும்பத்து கலைஞருக்கு டெல்லி சங்கீத நாடக அகாடமி விருதே குடுத்துச்சு, நாம என்னமோ கலைன்னா மெட்ராஸ்ல சபாவுல மட்டும் இருக்குன்னு நெனச்சிட்டு இருக்கோம். ஒருதடவை அணைக்கட்டு பக்கம் ஒரு ஸ்கூலுக்கு பம்பை வாசிக்கறவர் வந்து தரையில உக்காந்து ரெண்டு மேளத்தையும் காட்டினார், ஒண்ணு மரம் ஒண்ணு வெண்கலம், பிள்ளைங்க கையை வச்சுத் தொட்டுப் பாத்துச்சு, ஒவ்வொண்ணும் ஏன் வேற வேற சத்தம் குடுக்குதுன்னு கேட்டுச்சு, அறிவியல் பாடமே அங்க நடந்துடுச்சு. நான் சொல்லிக்குடுத்த தகிட தகதிமியை அவர் வாசிச்சுக் காட்டினப்ப பின்னாடி இருந்து ஒரு பையன், படிப்புல அவன் பேரையே யாரும் சொல்ல மாட்டாங்க, "டீச்சர், இத்த எங்க தாத்தா இன்னும் ஸ்பீடா அடிப்பாரு"ன்னு எழுந்து நின்னான். அந்த க்ளாஸ் அவனைத் திரும்பிப் பாத்துச்சு.

இதுல ஒரு விஷயம் ஜாக்கிரதை. பறை அடிக்கற வீட்டுப் பெரியவர் யாராவது "வேணாம்மா, நாங்க சாவுக்கு அடிச்சு பட்ட அவமானம் போதும், எம் பேரனை இத்த தொட வைக்காதீங்க"ன்னு சொன்னா, அதை அப்படியே மதிச்சு விட்டுடணும், கலையைக் காப்பாத்தறேன்னு அவங்களை வற்புறுத்த நமக்கு உரிமை இல்ல. அவங்க சம்மதிச்சு பறை ஸ்கூலுக்குள்ள வந்தா எல்லா பிள்ளையும் கத்துக்கணும், எல்லா தெரு பிள்ளையும், முக்கியமா மத்த தெருப் பிள்ளைங்க. அந்தப் பையன் கையில மட்டும் குச்சியைக் குடுத்து ஆண்டு விழாவுல அடிக்க விட்டீங்கன்னா பழைய வேலையைத்தான் மறுபடி அவன் தலையில கட்டறீங்க. வர்ற கலைஞருக்கு கையில மரியாதையா ஒரு தொகை குடுங்க, டீயும் பஸ் காசும் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க. ஹெச்எம் அனுமதி எழுத்துல வாங்கிடுங்க, வெளியாள் இருக்கற நேரம் முழுக்க டீச்சர் க்ளாஸ்லயே இருக்கணும்.

கடைசியா உங்க பொண்ணு விஷயம். எட்டு வயசுக் குழந்தை, முதல்ல கண்ணும் காதும் ஒருதடவை செக் பண்ணிடுங்க, எழுத்துக்கு திணர்ற பிள்ளைங்கள்ல சிலதுக்கு கண்ணாடி போட்டதும் சரியாயிடும். கீபோர்டு க்ளாஸ் இப்போ அவசரம் இல்ல. அவளே வந்து "அம்மா எனக்கு அது வாசிக்கணும்"னு கேட்டா அப்போ பாப்போம், 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் குறைஞ்ச கட்டணத்துல சொல்லிக்குடுக்கற ஜவகர் சிறுவர் மன்றம் மாவட்டத் தலைநகர்ல இருக்கு, விசாரிங்க. திருவண்ணாமலையில இருக்கற அரசு இசைப்பள்ளியில சேரணும்னா 12 வயசாவது ஆகணும், அதுக்கு இன்னும் காலம் இருக்கு.

இப்போ வீட்ல ஒண்ணு பண்ணுங்க. அவளுக்கு முழுசா மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்து, பழைய காலண்டர் தாள் பின்பக்கம் பெரிய எழுத்துல, வரிக்கு நாலு வார்த்தை மாதிரி நீங்களே எழுதுங்க. அவ பாடட்டும், மெதுவா, விரல் வார்த்தைக்கு கீழ ஓடணும், நீங்க கைய புடிச்சுக் கூட ஓட்டலாம். முதல் நாலு நாள் விரல் ஒரு பக்கம் போகும் பாட்டு ஒரு பக்கம் போகும், பரவாயில்ல. விரலும் வாயும் ஒண்ணா போக ஆரம்பிச்சதும் நடுவுல நிறுத்தி "இப்போ விரல் எந்த வார்த்தை மேல இருக்கு?"ன்னு கேளுங்க. சொல்லிடுவா, ஏன்னா பாட்டு அவளுக்கு தெரியுமே. அப்புறம் வரியை கத்தரிச்சு கலைச்சு போட்டு அடுக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் வார்த்தையை. தெரிஞ்ச பாட்டு வழியா தெரியாத எழுத்துக்குள்ள போற பாதை இது, தினம் பத்து நிமிஷம் போதும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. மூணு மாசம் பாருங்க. அப்பவும் எழுத்து எழுத்தாத்தான் நிக்குதுன்னா ஹெச்எம் கிட்ட சொல்லி வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பு ஆசிரியரைப் பாக்கச் சொல்லுங்க, அவங்க வேலையே இது, அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, நாலாவது முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

அவ பாடும்போது நடுவுல "தப்பு"ன்னு நிறுத்தாதீங்க, முடிக்க விடுங்க. வீட்டுக்கு யாராவது வந்தா "பாடிக்காட்டு"ன்னு முன்னாடி நிறுத்தாதீங்க. நீங்க கூட சேந்து பாடுங்க, உங்க குரல் எப்படி இருந்தாலும் சரி, உங்க ஆயா பாடின தாலாட்டு, நடவுப் பாட்டு ஏதாவது ஞாபகம் இருந்தா அதையும். மீட்டிங் முடிஞ்சதும் தீர்மான நோட்டுல என்ன எழுதினீங்கன்னு அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்க, அந்த டீச்சர் எந்தக் கட்டையில எடுக்கறாங்கன்னும் கேட்டு எழுதுங்க.